வெள்ளைச் சட்டைக்கு நாவற்பழ நிறம்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் நான்கு வெள்ளைச் சட்டைகள் பல நாட்களாக மடித்தபடியே இருந்தன. உம்மும்மா இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் உடுத்தவை. மூத்தாப்பா மௌத்தான மறுநாள் மாமி புடைவைக் கடைக்கு ஓடிப்போய் வெள்ளைப் பருத்தித் துணி எடுத்துவந்தார். உம்மா இரவிரவாக மெசினில் அமர்ந்து தைத்து முடித்தார். கணுக்கால் வரை நீளம், முழுக்கை, கழுத்தில் ஒரு பொத்தான். வேறு எதுவும் இல்லை. அழுதுகொண்டு தைத்த சட்டைக்குப் பூவேலை எதற்கு?

இத்தா முடிந்ததும் அவற்றை என்ன செய்வது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "வீட்டில வைக்கப்படாது, யாருக்கும் குடுத்துப் போடுங்கோ" என்றார் மாமி. உம்மா, "வைத்திருந்தால் அடுத்து யாருக்காவது உதவும்" என்று சொல்லத் தொடங்கி, அதன் பொருள் உறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். வாப்பா வழமைபோலப் பத்திரிகை வாசித்தார். உம்மும்மா மட்டும் ஒரு சட்டையை எடுத்து, துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "நல்ல துணி. கழுவிக் கழுவி இப்பதான் மெதுவா வந்திரிக்கி. இதுக்கு ஒரு நிறம் போட ஏலாதா மகள்?" என்று என்னிடம் கேட்டார்.

ஏன் என்னிடம்? நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்குச் சாயம் போடத் தெரியாமலா இருக்கும் என்பது உம்மும்மாவின் கணக்கு. உண்மையில் எங்கள் பாடத்திட்டம் சட்டைக்குச் சாயம் போடக் கற்றுத் தருவதில்லை. ஆனால் எங்கே தேடுவது என்பதையாவது கற்றுத் தருகிறது.

மாமிக்கு இது பிடிக்கவில்லை. இத்தாவில் உடுத்ததை நிறமாக்கி வெளியே உடுத்திப் போனால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒன்று. கணவனை இழந்த பெண் இத்தாவுக்குப் பிறகும் மங்கலான நிறங்களோடுதான் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டாவதை எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டேன். அலங்காரத்தைத் தவிர்ப்பது இத்தா முடியும் வரைக்கும்தான், அதன் பிறகு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றார் அவர். வெள்ளைதான் உடுக்க வேண்டும் என்பதும் எங்கள் பக்கத்து வழக்கமே தவிர மார்க்கம் குறித்துச் சொன்ன நிறம் அல்ல என்றும் விளக்கினார். அப்போதுதான் உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைப் பற்றிச் சொன்னார். இத்தாவில் இருக்கும் பெண் சாயமிட்ட ஆடையைத் தவிர்க்க வேண்டும் என்ற விதியில் 'அஸ்ப்' என்ற ஒரு துணிக்கு மட்டும் அதில் விலக்கு இருக்கிறது. அஸ்ப் என்பது யெமன் நாட்டுத் துணி. நூலை இடையிடையே இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, அதன் பிறகுதான் நெய்வார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, நூலின் இயல்பான வெள்ளை அப்படியே நிற்கும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் துணியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். சாயம் இருக்கிறது, வெள்ளையும் இருக்கிறது. உம்மும்மாவின் சட்டைக்கு என்ன செய்யலாம் என்பது பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. நெய்த துணியில் நூலைத் தனியாகக் கட்ட முடியாது. ஆனால் துணியைக் கிள்ளிக் கிள்ளிக் கட்டலாம். மதுரைச் சுங்குடிச் சேலையில் புள்ளிகள் வருவது அப்படித்தான்.

அதற்கு முன் எந்தச் சாயம் என்று தெரிய வேண்டும். உம்மா எதையும் எறியமாட்டார் என்பது சில நேரங்களில் நன்மை. அந்தச் சட்டைகளை வெட்டியபோது மிஞ்சிய துண்டுகள் ஒரு பையில் இருந்தன. அவற்றில்தான் என் சோதனைகள் நடந்தன. வெறும் தேயிலைச் சாயம் மங்கிய கபிலத்தைத் தந்தது. அதே தேயிலை நீரில் துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த தண்ணீரைச் சேர்த்ததும் துண்டு கண் முன்னாலேயே சாம்பல் நிறமானது. தேயிலையிலுள்ள தனின் இரும்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. பழைய காலத்து எழுத்து மையும் இதே முறையில்தான் செய்யப்பட்டது. வெங்காயத் தோலும் சீனக்காரமும் சேர்ந்து பொன்னிறம் தந்தன. மஞ்சள் எல்லாவற்றையும் விட அழகாகப் பிடித்தது, ஆனால் சவர்க்காரம் பட்டதும் சிவந்தது. பாதியைக் கறுப்புக் கடதாசியால் மூடி யன்னலில் வைத்தேன். ஒரு கிழமையில் மூடாத பாதி ஏறக்குறைய வெள்ளைக்கே திரும்பிவிட்டது. இயற்கைச் சாயம் என்றால் எல்லாமே சிறந்தது என்று எழுதுகிறவர்கள் ஒரு மஞ்சள் துண்டை யன்னலில் வைத்துப் பார்க்கலாம்.

நிலைக்கும் இயற்கைச் சாயங்கள் இல்லாமல் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டுவது பெரிய தொழில். அந்த வேரும் சீனக்காரமும் சேர்ந்து பருத்தியில் தந்த சிவப்பு எளிதில் போகாது. ஆனால் அது பல நாள் வேலை, வேரும் இப்போது கடையில் கிடைப்பதில்லை.

உம்மும்மா கேட்ட நிறம் வேறு. "நாவப்பழம் திண்ட நாக்கு மாதிரி ஒரு நிறம்" என்றார். மாமி நிமிர்ந்து பார்த்தார். சாம்பல், கபிலம் என்றால் பேசாமல் இருந்திருப்பாரோ என்னவோ. நாவற்பழம் என்றது அவருக்கு அதிகமாகப் பட்டது. ஆனால் உம்மும்மா அறுபத்தாறு வயதில் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு நிறத்தை வாய்விட்டுக் கேட்டார் என்று உம்மா இரவு என்னிடம் சொன்னார். சிறு வயதில் அவருடைய உம்மா தெரிந்தெடுத்த துணி, கலியாணத்துக்குப் பிறகு மூத்தாப்பா கொண்டுவந்த துணி, பிறகு பிள்ளைகள் பெருநாளுக்கு எடுத்துக் கொடுத்த துணி. கடைசியாக வெள்ளை. அதைக் கேட்ட பிறகு நாவற்பழ நிறத்தைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

நாவற்பழத்தையே கசக்கி ஒரு துண்டில் போட்டுப் பார்த்தேன். முதலில் அருமையான ஊதா, சவர்க்காரத்தில் நீலம் கலந்த சாம்பல். பழத்திலுள்ள அந்தோசயனின் அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம் காட்டும். ஆய்வுகூடத்துக்கு நல்லது, சட்டைக்கு ஆகாது. எனவே கடையில் விற்கும் தாக்கச் சாயத்தூளையே வாங்கினேன். பருத்தி என்பது செலுலோசு. அதன் ஒவ்வொரு குளுக்கோசு அலகிலும் மூன்று ஐதரொட்சில் கூட்டங்கள் இருக்கின்றன. மற்றச் சாயங்கள் நூலில் ஒட்டிக்கொண்டிருக்க, தாக்கச் சாயம் அந்தக் கூட்டங்களோடு பங்கீட்டு வலுப் பிணைப்பையே ஏற்படுத்திவிடுகிறது. துணியும் சாயமும் ஒரே மூலக்கூறாகிவிடுகின்றன என்று சொல்லலாம். இப்படியான சாயத்தை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1956 இல் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1856 இல், மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்ற வில்லியம் பேர்க்கின் என்ற மாணவனுக்குக் குவினைனுக்குப் பதிலாக ஓர் ஊதாச் சாயம் கிடைத்தது. அவனுக்கு அப்போது வயது 18. வீட்டில் அமைத்திருந்த சிறு ஆய்வுகூடத்தில், விடுமுறையில் செய்தது. எங்கள் வீட்டுக் குசினியைப் பற்றி உம்மா முறைப்பாடு செய்தபோதெல்லாம் பேர்க்கினின் உம்மாவை நினைத்துக்கொண்டேன்.

சாயம் போடும் முன் துணி எதனாலானது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். கடைக்காரர் பருத்தி என்று சொன்னால் மட்டும் போதாது. துண்டிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். கடதாசி எரியும் மணம், விரலில் பொடியாகும் மெல்லிய சாம்பல். பருத்திதான். உம்மா தைத்த தையல் நூலையும் காட்டினேன். அது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது, பொலியெசுத்தர். அதில் இந்தச் சாயம் பிடிக்காது. அப்படியென்றால் சட்டை முழுவதும் ஊதாவான பிறகும் தையல்கள் மட்டும் வெள்ளையாகவே தெரியும். உம்மாவிடம் சொன்னேன். "அது இருக்கட்டும். எந்த இரவில் தைத்தேன் என்று எனக்கு நினைவிருக்கட்டும்" என்றார்.

கட்டும் வேலையை நான் செய்வதாகத்தான் இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும், சந்திர மாதக் கணக்கில் ஏறக்குறைய 128 நாள். ஒரு நாளுக்கு ஒரு புள்ளியாக 128 புள்ளிகள் போட்டால் எவ்வளவு பொருத்தம் என்று உம்மும்மாவிடம் ஆர்வத்தோடு சொன்னேன். அவர் சிரித்தார். "ஒருமுறை எண்ணினது போதும் மகள். இனி எண்ணாமக் கட்டுவோம்" என்று சொல்லி, சட்டையை என் கையிலிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். ஒரு பச்சைப் பயறைத் துணியின் கீழே வைத்து, மேலே கிள்ளி, நூலை ஐந்தாறு சுற்றுச் சுற்றி இறுக்கினார். அடுத்தது, அதற்கடுத்தது. நான் ஒன்று கட்டுவதற்குள் அவர் நான்கு கட்டினார். தோளிலிருந்து கீழே இறங்க இறங்கப் புள்ளிகள் அடர்ந்தன. எத்தனை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த விரல் வேகம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். வீட்டில் செய்து பார்க்க விரும்பும் தோழிகளுக்காகச் சாயம் போட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டையின் நிறை 380 கிராம். நூறு கிராம் துணிக்குச் சுமார் 3 கிராம் என்ற கணக்கில் சிவப்பும் நீலமும் கலந்து 12 கிராம் சாயத்தூள். எட்டு லீற்றர் சாதாரணத் தண்ணீர், அதில் 400 கிராம் உப்பு. தண்ணீரில் பருத்தியும் சாயமும் இரண்டுமே மறை ஏற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தைத் துணியிடம் அனுப்புகிறது. சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டு இருபது நிமிடம் கைவிடாமல் புரட்ட வேண்டும். பிறகு சட்டையை ஒரு பக்கம் ஒதுக்கி, தனியாகக் கரைத்த 120 கிராம் சோடியங்காபனேற்றைச் சேர்த்து இன்னும் ஒரு மணித்தியாலம் புரட்ட வேண்டும். பிணைப்பு உண்டாவது இந்தக் காரத்தில்தான். சூடாக்கத் தேவையில்லை, எங்கள் ஊர் வெயிலே போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தூளை அளக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள். சுவாசத்தோடு போனால் ஒவ்வாமை வரக்கூடும். வாளியும் கரண்டியும் பிறகு சமையலுக்கு வரக்கூடாது. உம்மாவிடம் அனுமதி வாங்க இந்தக் கடைசி விதியே எனக்கு உதவியது. ஒரு புது வாளியும் கிடைத்தது.

முதல் அலசலில் ஊதா ஆறாக ஓடியது. உம்மும்மாவின் முகம் வாடியது. "எல்லாம் போகுதே" என்றார். போவது துணியோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்துவிட்ட சாயம், அது போகத்தான் வேண்டும் என்று சொன்னேன். ஏழாவது அலசலில் தண்ணீர் தெளிந்தது.

முடிச்சுகளை அவிழ்த்தது அஸருக்குப் பிறகு, பின்வாசல் படியில். நூலைக் கத்தரித்ததும் பயறு தெறித்து விழும், துணி விரியும், நடுவில் ஒரு வெள்ளை வட்டம். நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். சிவப்பும் நீலமும் ஒரே வேகத்தில் துணியில் ஏறுவதில்லை. முடிச்சின் ஓரத்துக்குள் ஒன்று புகுந்த அளவுக்கு மற்றது புகவில்லை. நாவற்பழத்தைக் கடித்தால் கொட்டைக்குப் பக்கத்தில் தெரியும் அதே நிறம். பேர்க்கினுக்குப் போல எனக்கும் கேட்காமலே ஒன்று கிடைத்தது. உம்மா தைத்த தையல்கள் ஊதாவின் மீது வெள்ளைக் கோடுகளாக ஓடின. இடது தோளில் ஒரு தேநீர்க் கறை இருந்த இடம் சற்றுக் கருத்துத் தெரிந்தது. சாயம் கறையை மறைக்காது, தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இத்தா நாட்களில் பார்க்க வந்த யாரோ ஒருவரின் தோளில் சாய்ந்து அழுதபோது கோப்பை சரிந்த கறை அது என்று உம்மும்மா சொன்னார்.

இனி விரல்களின் கதை. வெலிகமையில் வளர்ந்த பெண்ணுக்குப் பீரளு தெரியாமல் இருக்காது. காலியிலிருந்து மாகல்ல, வெலிகம என்று கரையோரமாக வந்த லேஸ் பின்னும் கலை அது. ஓர் உருளைத் தலையணையில் கோலம் வரைந்த அட்டையைச் சுற்றி, கோலத்தின் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரத்தடிகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். தடியின் பெயர்தான் பீரளு. போர்த்துக்கேய மொழியில் அதற்கு 'பில்ரோ' என்று பெயர். நாங்கள் லேஸுக்குச் சொல்லும் 'ரேந்தை'யும் அவர்களுடைய 'ரெண்டா' என்ற சொல்தான். கலையைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயரா ஒல்லாந்தரா என்று வாதிடுகிறவர்கள் வாதிடட்டும், சொற்கள் தாம் எங்கிருந்து வந்தன என்பதைத் தாமே சொல்லிவிடுகின்றன.

உம்மும்மாவுக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணி. அவருடைய மகளை நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுகிறோம். உம்மும்மாவும் ஆச்சியும் பத்து வயதில் ஒரே தலையணையின் இரு பக்கமும் இருந்து பழகினார்களாம். கலியாணத்துக்கு முந்திய இரண்டு வருடங்களில் உம்மும்மா தன் கையால் பின்னியது இரண்டு தலையணை உறைகளுக்கான ரேந்தை. பிறகு பிள்ளைகள், குசினி, கடை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது தலையணையும் தடிகளும் போயின. ஆச்சியினுடையதும் போயிற்று. உறைகள் மட்டும் அன்று பெரிய மாமாவின் மாடி வீட்டில் இருந்ததால் தப்பின.

நான் சட்டைக்கு லேஸ் வாங்கக் கடைக்குத்தான் போனேன். யார் விலைக்கு யார் பின்னுவார்கள்? ஒரு யார் பீரளு லேஸுக்குப் பல நாள் உழைப்பு, மெசின் லேஸ் அதன் விலையில் ஒரு சிறு பங்கு. வாங்கி வந்த துண்டை வழமைபோல நெருப்பில் காட்டினேன். உருகிச் சொட்டியது. பார்த்துக்கொண்டிருந்த உம்மும்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தலையணை உறை இருந்தது. இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "இது மூத்தாப்பாட. என்ட உறையில நான் படுக்கிறன்தானே."

உம்மா, "வேண்டாம் உம்மா, அத வையுங்கோ" என்றார். எனக்கும் கைவைக்க மனம் வரவில்லை. நாற்பத்தைந்து வருடம் பழசு, அவருடைய வாழ்க்கையின் ஒரு பக்கம் முழுவதும் அதில் இருக்கிறது. மடித்து வைத்தால் இன்னும் நாற்பது வருடம் இருக்கும். ஆனால் மடித்து வைத்தால் யார் பார்ப்பது? இந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. உம்மும்மா ஏற்கனவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிறு கத்தரிக்கோலால் தையலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு மணித்தியாலம் யாரும் பேசவில்லை.

பிரித்த ரேந்தை வயதால் மஞ்சளேறியிருந்தது. வெளிற்றும் திரவத்தில் போடலாம் என்று மாமி சொன்னார் (ஆம், மாமியும் அப்போது அங்கேதான் இருந்தார்). குளோரீன் பழைய பருத்தி நூலை அறுத்துவிடும் என்பதால் சவர்க்கார நீரில் இரண்டு இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் விரித்து இளவெயிலில் வைத்தோம். சந்தன நிறத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் வெளுக்கத் தேவையிருக்கவில்லை. நூலும் பருத்தி என்பதால் அதையும் ஊதாவாக்கலாம். உம்மும்மா வேண்டாம் என்றார்.

லேஸ் வைத்துத் தைப்பதில் வழமையான முறை, மேலே லேஸைத் தைத்து அடியிலுள்ள துணியை வெட்டிவிடுவது. அப்போதுதான் ஓட்டைகள் ஓட்டைகளாகத் தெரியும். ஆனால் கையும் தெரியும். எனவே நாங்கள் வெட்டவில்லை. கைகளின் முனையிலும் கழுத்துப் பட்டியிலும் ரேந்தையைத் துணியின் மேலேயே படியவைத்து, இரு ஓரமும் கண்ணுக்குத் தெரியாத சிறு தையலாகக் கையால் பிடித்தோம். மறைப்புக்காகச் செய்தது அழகுக்கும் ஆகிவிட்டது. வெள்ளைத் தலையணை உறையில் வெள்ளை ரேந்தையாக இருந்தபோது கோலம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஊதாவின் மீது வைத்ததும் ஒவ்வொரு இலையும், ஒவ்வொரு சிறு வலையும், ஓர் இடத்தில் நூல் அறுந்து முடிச்சுப் போட்ட இடமும் தெளிவாகத் தெரிந்தது. "இது நான் கலியாணம் பேச வந்த அண்டைக்குப் பின்னின இடம். கை நடுங்கி அறுந்த" என்று அந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினார் உம்மும்மா. உம்மா அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் பெரிய மாமாவின் வீட்டுச் சாப்பாட்டுக்கு உம்மும்மா அந்தச் சட்டையை உடுத்திக்கொண்டு வந்தார். வாசலில் ஏறும்போது என் கையை இறுகப் பிடித்திருந்தார். பெண்கள் நிறைந்த அறையில் ஒரு கணம் பேச்சு நின்றது உண்மை. யாருடைய கண் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பிறகு மூத்தாப்பாவின் சாச்சி மகள், எண்பது வயது, பக்கத்தில் வந்து கையின் முனையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இந்த ரேந்தை யார் பின்னினது?" என்று கேட்டார். உம்மும்மா, "நான்" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அதன் பிறகு பேச்சு முழுவதும் பீரளுவைப் பற்றி, யார் யார் வீட்டில் தலையணை இருந்தது, யாருடையது கடலில் போனது என்பதைப் பற்றி. நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாமியும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் சட்டை விளிம்பு சக்கரத்தில் படாதபடி அவர்தான் குனிந்து எடுத்து மடியில் வைத்தார்.

மற்ற மூன்று சட்டைகளில் ஒன்றை உம்மும்மா தானே கழுவி, இஸ்திரி போட்டு, வெள்ளையாகவே ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று அலுமாரியில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்றார். நாங்கள் தொடவில்லை. மூன்றாவதற்கு வெங்காயத் தோலின் பொன்னிறம் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் ரேந்தைக்கு இனிப் பிரிக்க உறை இல்லை. உம்மும்மாவின் உறையைக் கேட்க மாட்டேன்.

ஆச்சியிடம் இப்போது வேறொரு தலையணை இருக்கிறது. சனிக்கிழமைகளில் இரசாயனவியல் வகுப்பு முடிந்ததும் அங்கே போகிறேன். அடிப்படையில் இரண்டே அசைவுகள்தான், ஒரு தடியை மற்றதன் மேல் கடத்துவது, முறுக்குவது. பன்னிரண்டு சோடித் தடிகளோடு அந்த இரண்டு அசைவுகளும் எப்படிச் சிக்கலாகின்றன என்பதை ஆச்சி சிங்களத்தில் திட்டியும் உம்மும்மா தமிழில் திட்டியும் எனக்கு விளக்குகிறார்கள். இரண்டு கைகளின் முனைக்கும் 20 அங்குலம் வேண்டும். போன சனிக்கிழமை வரை மூன்றரை அங்குலம் வந்திருக்கிறது.